வெள்ளைச் சப்பாத்தோடு வேட்டைக்குப் போனவன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் கொஞ்சம் பெரிய இடம் என்று தெரிந்துவிட்டால் போதும், அவர் என்ன கேட்டாலும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிடுவேன். லண்டனில் நோர்பரிப் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் முதலில் வேலையாளாகவும் பிறகு கடன்பட்டு முதலாளியாகவும் அரை ஆயுள் கவுண்டருக்குப் பின்னால் நின்றதால் வந்த வியாதி. (வியாதி ஏற்கெனவே இருந்தது, பெற்றோல் ஸ்டேஷன் அதை முற்றவைத்தது என்பது என் மனைவி பவானியின் கட்சி.) இந்தத் தலையாட்டலால் தேவையில்லாத இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன், கேட்காத கேபிள் டிவிக்குக் காசு கட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு வேட்டைக்குப் போய்ச் சம்பந்தியைச் சேற்றில் விழுத்துவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது அவர் சம்பந்தி ஆகியிருக்கவில்லை. அதுதான் பிரச்சினையே.

என் ஒரே மகள் அபி ஒரு வெள்ளைக்காரப் பொடியனை விரும்பினாள். பெயர் ஜேம்ஸ். அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை. நல்ல பிள்ளை, பவானியின் மிளகாய்த்தூள் கறியைக் கண்ணீர் வழியச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டவன். எங்களுக்கு அவனில் ஒரு குறையும் இல்லை. பயம் எல்லாம் அவன் தாய் தகப்பனைப் பற்றித்தான்.

முதல் சந்திப்பு லண்டன் நடுவில் ஒரு ரெஸ்ரோரன்டில் நடந்தது. ஜேம்ஸின் தகப்பன் ஜெரால்ட் நெடுநெடுவென்று உயரம். அவருடைய ஸ்வெற்றரின் முழங்கையில் ஓட்டை. நானோ அன்றைக்கென்று வாங்கிய புதுக் கோட்டில், விலைச்சீட்டை மட்டும் கழற்றிவிட்டு வந்திருந்தேன். எங்களில் யார் பணக்காரர் என்று வெயிற்றர் குழம்பிப்போய் பில்லை என்னிடம் நீட்டினார். (அதற்கும் தலையாட்டினேன்.)

ஜெரால்ட் வாய்க்குள்ளேயே பேசுகிற ஆள். உதடு அசையும், சத்தம் வராது. நான் எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்து யெஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று மேசைக்குக் கீழே அபி என் காலை உதைத்தாள். அப்போதுதான் அவர் கடைசியாகக் கேட்டது மூளைக்குப் போனது. "நீங்கள் சுடுவீர்களா?" என்று கேட்டிருந்தார். நான் யெஸ் சொல்லிவிட்டேன்.

"ஊரில் நிறையவா?" என்றார், முகம் மலர்ந்து.

"யெஸ், யெஸ். நிறைய."

(அது முழுப்பொய் இல்லை. ஊரில் நிறையத்தான் சுட்டார்கள். சுட்டது நான் இல்லை, அவ்வளவுதான்.)

வீட்டுக்கு வரும் வழியில் அபி விஷயத்தை விளக்கினாள். ஜெரால்டின் குடும்பத்துக்கு நாட்டுப்புறத்தில் காணி இருக்கிறது. கொஞ்ச நஞ்சக் காணி இல்லை, ஒரு மேட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டின மட்டும் அவர்களுடையது. ஆனால் காசு இல்லை. வீட்டுக் கூரை பல இடத்தில் ஒழுகுகிறது. அதனால் குளிர்காலத்தில் லண்டன் பாங்கர்களுக்குப் பறவை சுடும் நாள்களை விற்கிறார். அந்தக் காசில்தான் கூரை நிற்கிறது. ஒவ்வொரு வேட்டை நாளிலும் குடும்பத்துக்கென்று ஓர் இடம் மட்டும் வைத்துக்கொள்வாராம். அந்த இடத்தைத்தான் எனக்குத் தரப்போகிறாராம்.

"அது பெரிய மரியாதை அப்பா," என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ப்ளீஸ் அப்பா. ஒரு நாள் மட்டும். நோர்மலா இருங்கோ."

அந்தக் குரல் என்னைச் சுட்டது. அந்த வீட்டோடு நாங்கள் ஒட்டுவோமா மாட்டோமா என்று அவள் எத்தனை நாளாகப் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு வேட்டையும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம். என்னால் என் பிள்ளை அந்த வீட்டு வாசலில் தலை குனியக்கூடாது. அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அழைப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை, பகல் முழுவதும். கலண்டரைப் பார்த்த பவானி நெஞ்சில் கை வைத்தாள்.

"அண்டைக்குச் சூரன்போர் எல்லே!"

பவானி அந்த வருஷம் கந்தசஷ்டி விரதத்தை என்றுமில்லாத கடுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாலும் பழமும்தான். எதற்காக என்று யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் அபியின் கல்யாணத்துக்காக என்று வீட்டுச் சுவருக்கும் தெரியும். அந்த விரதத்தின் கடைசி நாளில் புருஷன் உயிர்க்கொலை செய்யப் போகிறான்.

"நான் வானத்தைப் பாத்துச் சுடுறன்," என்று சமாதானம் சொன்னேன். "ஒண்டிலும் படாது."

"நீங்கள் குறி வைச்சாலும் படாது. எனக்கு அந்தப் பயம் இல்லை. வெறுங்கையோடை எப்பிடிப் போறது? சம்பந்தி வீட்டுக்கு முதல்முதல் போறம்."

"போறமோ? என்னைத்தானே கூப்பிட்டவர்?"

"ஒரு ஆளைக் கூப்பிட்டா ஒரு ஆள்தான் போறதே? உங்களுக்கென்ன விசரே?"

இதற்கு வெள்ளைக்காரரின் சட்டத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது, எங்கள் சட்டத்தில் பதில் இல்லை. ஐந்து தட்டுகள் தயாராயின. பழத்தட்டு, பயத்தம் பணியாரம், அரியதரம், பருத்தித்துறை வடை, உழுந்து வடை. எங்கள் சின்னக் காரில் இவ்வளவும் வைக்க ஏலாது. பவானியின் அக்கா புருஷன் பரமண்ணையிடம் வான் இருந்தது. ஜேர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, எங்கள் கடைகளுக்கெல்லாம் மீன் போடுகிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"வேட்டையோ? ஜேர்மனியிலை நான் பாக்காத வேட்டையே!" என்றார். (பிறகு விசாரித்ததில், டிவியில் பார்த்திருக்கிறார்.) "உடுப்பு முக்கியம் தம்பி. உடுப்பைப் பாத்துத்தான் அவங்கள் ஆளை எடை போடுவாங்கள்."

உடுப்புக்காக, பணக்காரர் வசிக்கும் பக்கமாய்ப் போய் பழைய உடுப்பு விற்கும் ஒரு சரிற்றிக் கடையில் சொரசொரப்பான பழுப்புக் கோட்டு ஒன்றும், முழங்காலோடு நின்றுவிடும் காற்சட்டை ஒன்றும் வாங்கினேன். யாரோ செத்துப்போன பெரிய மனிதருடையது. அவர் என்னைவிட இரண்டு மடங்கு அகலமாக வாழ்ந்திருக்கிறார். பவானி பிடித்துத் தைத்துத் தந்தாள். நீளச் சப்பாத்துக்கு மட்டும் காசு செலவழிக்க வேண்டாம் என்று பரமண்ணை தன்னுடைய றபர் சப்பாத்தைக் கொண்டுவந்தார். மீன் வெட்டும்போது போடுகிறது. பால் வெள்ளை.

சனிக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்று பவானி ஒரு தேங்காயை நாலாவது ஆளாகச் சேர்த்து, அதற்கும் சீற் பெல்ட் போட்டுவிட்டாள்.

காணியின் வாசலில் ஒரு மரக் கேற். அதில் "பிரைவேட்" என்று ஒரு பலகை. அதைக் கண்டதும் பரமண்ணை வானை நிறுத்திவிட்டார். நாங்கள் மூன்று பேரும் (தேங்காயோடு நாலு) அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். அழைப்பு வந்திருக்கிறது, ஜேம்ஸோடு முன்னமே வந்த அபி உள்ளே நிற்கிறாள், ஆனாலும் இறங்கிக் கேற்றைத் திறக்க ஒருவருக்கும் கை வரவில்லை. இந்த நாட்டின் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம், வரி கட்டுகிறோம், இப்படி ஒரு பலகையைக் கண்டால் மட்டும் உடம்பு தானாகப் பின்வாங்குகிறது. பின்னால் ஒரு பளபளக்கும் ஜீப் வந்து ஹோர்ன் அடித்த பிறகுதான் நான் ஓடிப்போய்த் திறந்தேன். ஜீப்காரர் என்னை வாசல்காவலாளி என்று நினைத்து ஒரு நாணயம் நீட்டினார். (அதையும் வாங்கிவிட்டேன். பழக்கதோஷம்.)

உள்ளே பாதையோரம் ஒரு பறவை நடந்து போனது. இங்கே சுடுகிற பெசன்ட் பறவை இதுதான் என்று பரமண்ணை அறிவித்தார். சேவலின் உடம்பு, சிவந்த முகம், பின்னால் நீண்ட வால், மேலெல்லாம் செம்பும் பச்சையுமாய் மினுக்கம். பவானி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ! சேவலும் மயிலும் ஒண்டாச் சேந்தது மாதிரி. சூரன்போர் அண்டைக்கு முருகன் ரெண்டையும் ஒரே உடம்பிலை அனுப்பியிருக்கிறார். இதையே சுடப் போறியள்?"

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வீட்டு முன்றலில் எல்லோரும் கூடி நின்றார்கள். எல்லோருடைய உடுப்பும் இலை, மண், பாசி நிறத்தில். நடுவே நான், முழங்கால் வரை பால் வெள்ளை. என் பின்னால் பரமண்ணை, மோட்டர்வேயில் வேலை செய்பவர்கள் போடும் மினுங்கல் மஞ்சள் ஜக்கெற்றோடு. அபி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். ஜெரால்டின் மனைவி பிலிப்பா மட்டும், இப்படித்தான் உலகமே வேட்டைக்கு வரும் என்பதுபோல, பவானியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு நாணயம் தந்த ஜீப்காரர் ஒரு பாங்கர். என்னை மறுபடி பார்த்ததும் திடுக்கிட்டு, நான் என்ன தொழில் என்று கேட்டார்.

"பெற்றோல்," என்றேன்.

"ஓ," என்றார், மிகுந்த மரியாதையோடு. "வளைகுடாவிலா?"

"நோர்பரியில்."

அவர் அந்தப் பெயரில் ஒரு வளைகுடா நாட்டை நினைவில் தேடிக்கொண்டே, தான் இந்த ஒரு நாளுக்குக் கட்டிய காசைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தக் காசில் எங்கள் பக்கம் ஓடக்கூடிய கார் ஒன்று வாங்கலாம். ஜெரால்ட் எனக்கு எதைச் சும்மா தந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒழுகும் கூரையில் ஒரு பகுதியையே தந்திருக்கிறார்.

தட்டுகளை இறக்க பரமண்ணை வானின் பின்கதவைத் திறந்தார். முன்றலில் வேட்டை நாய்கள் வரிசையாக, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தன. விசில் அடித்தால் மட்டும் அசையும் நாய்கள் என்று ஜேம்ஸ் பெருமையாகச் சொல்லி வாய் மூடவில்லை, அத்தனையும் பாய்ந்து வானுக்குள் ஏறிவிட்டன. பல வருஷ மீன் வாசம் அவற்றைக் கூப்பிட்டது. விசில் அடித்தார்கள், பேர் சொல்லிக் கத்தினார்கள், ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் பாங்கருடைய கறுப்பு நாய் இறங்கி வந்தது. வாயில், ஒரு பல்லும் படாமல், ஒரு முழுச் சீலாக் கருவாடு. பழகின பழக்கப்படி அதைக் கொண்டுவந்து ஜெரால்டின் காலடியில் பவ்வியமாக வைத்தது.

"அத்தான்!" என்று பவானி வீறிட்டாள். "விரதச் சாப்பாட்டோடை கருவாடு இருக்கெண்டு சொல்லேல்லையே!"

"அது ஒரு மூலையிலை கிடந்ததடி பிள்ளை. நான் காணேல்லை."

ஜெரால்ட் குனிந்து கருவாட்டை எடுத்து, மணந்து பார்த்து, "இன்றைய முதல் வேட்டை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அபியும் சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது. இதோடு கண்டம் கழிந்தது என்று நினைத்தேன்.

காட்டோரமாய் ஒரு புல்வெளி. அதில் நம்பர் போட்ட குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன. ஒரு குச்சிக்கு ஒரு ஆள். காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் தடியால் தட்டிக்கொண்டு வர, பறவைகள் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே பறக்கும், அப்போது சுட வேண்டும். இதுதான் முறை. ஜெரால்ட் என் பக்கத்திலேயே நின்றார். தன் பாட்டனாருடைய துவக்கை எனக்குத் தந்து, அதை நடுவில் மடித்துத் திறந்து பிடிக்கக் காட்டினார். தோட்டா இன்னும் போடவில்லை. காதை மூடும் கருவி ஒன்றும் தந்தார். அவர் பேசுவது அது இல்லாமலே கேட்காது என்பதால் மரியாதைக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

பின்னால் பவானியும் பிலிப்பாவும் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அபியும் ஜேம்ஸும். பரமண்ணை மினுங்கல் ஜக்கெற்றோடு கொஞ்சம் தள்ளி.

விசில் கேட்டது. காடு சலசலத்தது. குளிர்ந்த காற்றில் எனக்கு ஒரு நிமிஷம் எல்லாமே அழகாகக்கூட இருந்தது.

பக்கத்துக் குச்சியில் பாங்கர் சுட்டார். அதோடு வரிசை முழுவதும் வெடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்கிற நான் நோர்பரியில் இருந்தேன். அந்தப் புல்வெளியில் நின்றது வேறொருவன், பத்தொன்பது இருபது வயதுக்காரன், சண்டைக் காலத்தில் ஊர்ச் சந்தையில் ஹெலிகொப்டர் வந்து சுட்டபோது மரக்கறிக் கடைக்குக் கீழே கிடந்தவன். அவனுக்கு ஒரு விஷயம்தான் தெரியும். படுக்க வேண்டும். தனியே படுக்கக்கூடாது, பக்கத்தில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் பிடித்து இழுத்துக்கொண்டு படுக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகியிருந்தோம்.

பாட்டனாருடைய துவக்கை எறிந்துவிட்டு, ஜெரால்டின் கொலரைப் பிடித்து ஒரே இழுவையில் சேற்றில் விழுத்தினேன். அவர் முகத்தை மண்ணோடு அழுத்தி, மேலே விழுந்து, அவர் தலையை என் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "அசையாதேங்கோ! அசையாதேங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெடிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வானத்தில் பெசன்ட்கள் கூட்டங்கூட்டமாக, ஒரு அவசரமும் இல்லாமல், எங்களைத் தாண்டிப் பறந்து போய்க்கொண்டிருந்தன. தலையைத் திருப்பினேன். பரமண்ணை குப்புறக் கிடந்தார், மஞ்சள் முதுகு மட்டும் தெரிந்தது. பவானி சேற்றில் கிடந்தாள். அவளுக்குக் கீழே, தலை முழுக்க என் மனைவியின் சால்வையால் மூடப்பட்டு, பிலிப்பா.

எங்கள் குடும்பத்தில் நின்றுகொண்டிருந்தது அபி ஒருத்திதான். அவள் இங்கே பிறந்தவள். வெடி கேட்டால் படுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போச்சு என்று நினைத்தேன். எல்லாம் போச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நோர்மலாக இருங்கள் என்று கேட்ட பிள்ளை. வெட்கத்தில் எழும்பவும் மனம் வரவில்லை. அப்படியே அந்தச் சேறு என்னை விழுங்கிவிட்டால் நல்லது என்றிருந்தது.

"என்ன நடக்கிறது அங்கே?" என்று பாங்கர் கத்தினார். "பறவைகள் எல்லாம் போகின்றன!"

எனக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. வாய்க்குள் பேசுகிற மனிதரின் வாய்க்குள் இப்போது புல்லும் இருந்தது. ஆனால் அவர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்றார்.

நான் உருண்டு விலகினேன். சொறி, சொறி, வெரி சொறி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் எழும்பி நிற்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்து, கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னக் கொம்பை எடுத்து ஊதினார். வேட்டை முடிந்தது என்பதற்கு அது அடையாளம். காட்டுக்குள் தடிச் சத்தம் நின்றது.

"இப்போதுதானே தொடங்கியது?" என்றார் பாங்கர். "நான் காசு கட்டியிருக்கிறேன்."

"திருப்பித் தருகிறேன்," என்றார் ஜெரால்ட். "இன்றைக்கு இனி யாரும் சுடுவதில்லை. இது என் காணி."

பிறகு என் பக்கம் திரும்பினார். "என் அப்பா யுத்தத்துக்குப் போய் வந்தவர். வீட்டில் கதவு படாரென்று சாத்தினால் மேசைக்குக் கீழே போய்விடுவார். நாங்கள் சின்னப் பிள்ளைகள். அதற்காகவே கதவைச் சாத்துவோம். சாத்திவிட்டுச் சிரிப்போம்." முகத்துச் சேற்றை வழித்துவிட்டார். "ஊரில் நிறையச் சுட்டதாக நீங்கள் சொன்னது..."

"யெஸ்," என்றேன். முதல்முறையாக, கேள்வி விளங்கிச் சொன்ன யெஸ்.

அபி வந்து என் முன்னால் சேற்றில் முழங்காலில் இருந்தாள். அவளுடைய நல்ல காற்சட்டை பழுதாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நவம்பரிலை ஃபயர்வேர்க்ஸ் பாக்க ஒரு வருஷமும் நீங்கள் வரேல்லை அப்பா. ஷிப்ட் இருக்கெண்டு சொல்லுவீங்கள். அந்த ஷெல்ஃப் அடுக்கிற வேலை எல்லாம் அண்டைக்கு மட்டும் வரும். நான் நீங்கள் கஞ்சன் எண்டு நினைச்சன். ஸ்கூலிலை எல்லாரிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான்."

"கஞ்சனுந்தான் பிள்ளை," என்றேன். "அது வேறை."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தச் செத்துப்போன பெரிய மனிதரின் கோட்டில் மூக்கைத் துடைத்தாள். அவள் அப்படிக் கட்டிப்பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நானும் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

பின்னால் பவானி பிலிப்பாவைத் தூக்கி நிறுத்தி, சால்வையால் முகம் துடைத்து, தலைமயிரில் இருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். "நல்ல காலம், அடி ஒண்டும் படேல்லை," என்று அவளிடம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பிலிப்பா தலையாட்டிக்கொண்டே நின்றாள்.

பகல் சாப்பாடு வைக்கோல் கொட்டிலில். அவர்கள் சமைத்து வைத்திருந்தது பெசன்ட் இறைச்சி. பவானி தொடமாட்டாள், அவளுக்குப் பாலும் பழமும்தான். ஆகவே அவள் பரிமாற நின்றாள். உழுந்து வடைத் தட்டு மேசையைச் சுற்றிப் போனது, திரும்பி வரவில்லை. பாங்கர் பருத்தித்துறை வடையைப் பை நிறைய எடுத்துக்கொண்டு, கட்டிய காசைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (நான் வாங்கிய நாணயத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதனால்தான் அவர் பாங்கர்.) பரமண்ணை ஜேர்மனியில் தான் கண்ட வேட்டைகளைப் பற்றி, அந்தக் காணியின் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பிலிப்பா பவானியிடம், இத்தனை சாப்பாட்டையும் சமைத்துவிட்டு நீ ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். பவானிக்கு இங்கிலீஷில் விரதத்தை விளக்க வரவில்லை. அபியையும் ஜேம்ஸையும் கையால் காட்டி, "ஃபோர் தெம். சிக்ஸ் டேஸ்," என்றாள்.

பிலிப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் மேசையைச் சுற்றிப் பார்த்து, "அப்படியானால் கல்யாணத்தை எப்போது வைக்கலாம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். நான் இரவுபகலாகப் பயந்த விஷயம், வடை எண்ணெய்க் கையோடு முடிந்துபோனது.

திரும்பும்போது பவானி வானுக்குள் ஒரே மகிழ்ச்சி. அன்று முழுவதும் ஒரு பறவைகூட விழவில்லை. சுட்டவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்த திகைப்பில் குறி தவறியிருக்கிறார்கள்.

"சேவலும் மயிலும் தப்பீட்டுது. முருகன் உங்களை விழுத்தி அதுகளைக் காப்பாத்திப் போட்டார்," என்றாள். அன்றைக்கு மாலை கோயிலில் சூரன் விழுந்ததையும் நாங்கள் சேற்று உடுப்போடே போய்ப் பார்த்தோம்.

ஜெரால்ட் பிறகு என்னை வேட்டைக்கு அழைக்கவில்லை. பதிலாக ஒரு திறப்பை ஜேம்ஸிடம் கொடுத்துவிட்டார். அந்த "பிரைவேட்" கேற்றின் பூட்டுக்குரியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரும் சுடுவதில்லை, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். இப்போது வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிறு எங்கள் ஆட்கள் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு அந்தப் புல்வெளிக்குப் போகிறோம். ஆனாலும் கேற்றைத் திறப்பதற்கு முன் பரமண்ணை வானை நிறுத்தி, ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்வார்.

கல்யாணம் குரொய்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஜெரால்டுக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டது நான்தான். அவருடைய உயரத்துக்கு அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. தாலி கட்டி முடிந்து, பிள்ளைகள் மேடையை விட்டு இறங்குகிற நேரம். வீடியோக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பூவிதழ் பறக்கவிடும் வெடிக் குழாய்களை மேடையின் இரண்டு பக்கமும் வைத்திருந்திருக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டும் வெடித்தன.

என் முழங்கால் மடிவதற்கு முன்பே யாரோ என் சால்வையைப் பிடித்து இழுத்தார்கள். நான் மேடைக் கம்பளத்தில் குப்புற விழுந்தேன். எனக்கு மேலே ஒரு பெரிய பாரம் விழுந்தது. என் தலையை இரண்டு பெரிய கைகள் பொத்திக்கொண்டன. எங்கள் இரண்டு பேர் மேலும் றோசாப்பூ இதழ்கள் கொட்டிக்கொண்டிருந்தன, சபை முழுக்க எழும்பி நின்றது, பட்டு வேட்டி இடுப்பை விட்டுக் கழன்று ஒரு பக்கமாய்ப் போயிருந்தது.

"அசையாதேங்கோ," என்றார் ஜெரால்ட், என் காதுக்குள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவர் சேற்றுக்குள் கிடந்தே பாடமாக்கி வைத்திருந்திருக்கிறார்.

நாங்கள் இருவரும் அப்படிக் கிடக்கும் படம் எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை பொம்பிளை படத்தைவிடப் பெரியது. வீட்டில் பலூன் வெடித்தாலும், குக்கர் சீறினாலும், வந்திருந்தால் அபி அடுப்படியிலிருந்து ஜெரால்டின் குரலில் "சம்பந்தி, அசையாதேங்கோ!" என்று கத்துவாள். ஜெரால்ட் வந்திருக்கும் நாளென்றால் எங்கே இருந்தாலும் எழும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.